பேக் ஆரோக்கியத்தின் வலது முழங்கால்

முழங்கால் திரும்பும்போது ஒரு சத்தம் கேட்கும். காய்ந்த பனைமட்டையை மிதித்து முறித்தது போல. அத்தனை கூச்சலுக்கு நடுவே அது எனக்குக் கேட்டது என்று சொன்னால் என் மகள்கூட நம்புவதில்லை. ஆனால் கேட்டது. பெண்களுக்கென்று கயிறு கட்டிப் பிரித்துவிட்டிருந்த மூலை கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

புதுக்கோட்டையில் மாசி மாதத்து மாலை. செம்மண் புழுதி எழும்பி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் புருவத்திலெல்லாம் படிந்திருந்தது. எங்கள் ஊர் மில் டீமுக்கும் திருச்சியிலிருந்து வந்த டீமுக்கும் இறுதி ஆட்டம். மில் டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது. பாலு என்கிற முன்வரிசை ஆட்டக்காரன் போட்டது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே பாக்கி.

அப்போது எதிர் டீம்காரர் ஒருவர், காலில் பூட்ஸ் போட்ட கட்டான ஆள், எல்லோரையும் தாண்டிப் பந்தோடு வந்துவிட்டார். அவருக்கு முன்னால் மிச்சம் இருந்தது கோல்கீப்பரும் என் கணவர் ஆரோக்கியசாமியும்தான். என் கணவருக்கு வெறுங்கால். கணுக்காலில் ஒரு துணிக்கட்டு, அவ்வளவுதான். அவர் பாய்ந்து ஓடவில்லை. பொறுத்து நின்று, கடைசி நேரத்தில் தரையோடு தரையாகச் சறுக்கிப் பந்தை வெளியே தள்ளினார். வந்த வேகத்தில் நிற்க முடியாமல் அந்த ஆள் முழு உடம்போடும் இவருடைய வலது முழங்காலின் மேல் விழுந்தார்.

இவரைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே கிடத்தினார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கி, உடனே விசில் ஊதி முடிந்தும்போனது. மில் ஜெயித்துவிட்டது. கூட்டம் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடியது. பாலுவைத் தோளில் தூக்கினார்கள். அந்த ஊர்வலம் என் கணவர் கிடந்த இடத்தை ஒட்டித்தான் போனது. ஒருவன் அவருடைய கையை மிதித்துவிட்டுப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வியர்வையும் மண்ணும் குழைந்த முகம். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிக்க முடியலையா?" என்றேன்.

"முடியல டீச்சர். பந்து உள்ள போகலைல்ல?"

என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதால் ஆரம்பத்தில் கேலிக்குத் தொடங்கியது. பிறகு அதுவே என் பெயராகிவிட்டது. அன்றைக்கு அவர் கேட்டதைக் கேட்டு எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. இந்த வாரப் பத்தியில் அதைத்தான் எழுதப்போகிறேன்.

பேக்கும் பேக்கும்

கால்பந்தில் பின்னால் நின்று கோலைக் காப்பவருக்கு பேக் என்று பெயர். முன்னால் ஆடுகிறவர்கள் கோல் போடுவார்கள், சனங்கள் கைதட்டுவார்கள். பேக் நூறு கோலைத் தடுத்தாலும் அது நடக்காத விஷயம். நடக்காததற்கு யார் கைதட்டுவார்? ஒன்று தப்பி உள்ளே போனால் மட்டும் ஊருக்கே அவர் ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் அசமந்தமான ஆளையும் பேக்கு என்போம். பேக் ஆரோக்கியம் என்று தொடங்கிய பெயர் நாளடைவில் பேக்கு ஆரோக்கியம் ஆனது. சந்தைப்பேட்டையில் காய்கறி விற்கிற அம்மாள் என்னைப் பார்த்து, "இவுகதான் பேக்கு வீட்டுக்காரி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கல்யாணமான புதிது எனக்கு. கத்தரிக்காயைத் திரும்பக் கொட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் பொரிந்தேன். அவர் சிரித்தார்.

"பேரு என்னவா இருந்தா என்ன டீச்சர். என்னயத் தாண்டிப் போகச் சொல்லுங்க பாப்போம்."

அவருக்கு ஆவூர்ப் பக்கம். மாதா கோயில் பங்கைச் சேர்ந்த, காடுகரை கொஞ்சம் உள்ள குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஆட்டம். பெரிய உடம்பு, ஓட்டம் மட்டு என்பதால் ஆரம்பத்திலேயே இவரைப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். அங்கேயே நின்று, ஓடி வருகிறவனின் இடுப்பைப் பார்க்கப் பழகிக்கொண்டாராம். "காலு பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது" என்பார். பந்தோடு வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது அவனுக்கே தெரியும் முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும்.

ஒன் காலு போதும்

சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த சமயம் அது. ஊரில் பழைய பதவிகள் கலைந்து, புதிதாகப் பெரியமனிதர்கள் முளைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் மில்லின் மானேஜர். மில்லுக்குப் பேர் வர வேண்டுமானால் ஒரு கால்பந்து டீம் வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆவூர் திருவிழாவில் நடந்த ஆட்டத்தைப் பார்க்கக் காரில் வந்தார்.

ஆட்டம் முடிந்ததும் இவரைக் கூப்பிட்டு, மில்லில் சேருகிறாயா என்று கேட்டிருக்கிறார்.

"எனக்கு நூல் வேலை எதுவும் தெரியாதுங்களே."

"தெரிய வேண்டாம்ப்பா. ஒன் காலு போதும்."

அப்படித்தான் என் கணவர் பஞ்சாலைத் தொழிலாளி ஆனார். நூற்கிற பகுதியில், ரிங் பிரேம் மெஷினில் வேலை என்று பெயர். அந்த மெஷினை அவர் தொட்டதே இல்லை. காலையில் சங்கு ஊதினால் மற்றவர்கள் உள்ளே போவார்கள். இவரும் டீம் ஆட்களும் மைதானத்துக்குப் போவார்கள். திண்டுக்கல், மதுரை, தஞ்சாவூர் என்று எங்கே போட்டி நடந்தாலும் மில் லாரியில் ஏறிப் போக வேண்டும். போகமாட்டேன் என்று சொல்ல முடியாது. எங்கள் மூத்த பெண் பிறந்த அன்று அவர் தஞ்சாவூரில் ஆடிக்கொண்டிருந்தார். லீவு கேட்டதற்கு மானேஜர் சொன்ன பதில்: "பிரசவம் உனக்கா, உன் சம்சாரத்துக்கா?"

ஆட்டக்காரர்களுக்கு மில் கேண்டீனில் தினம் முட்டையும் பாலும் உண்டு. மற்ற தொழிலாளிகளுக்குக் கிடையாது. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு வெளியே வருகிறவன், வாயைத் துடைத்துக்கொண்டு கேண்டீனிலிருந்து வருகிறவனைப் பார்த்தால் என்ன நினைப்பான்? முட்டைக்காரர்கள் என்று பட்டம் வைத்தார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. நியாயம் அவர்கள் பக்கம்தான்.

அந்த மில்லின் தொழிற்சங்கச் செயலாளர் கருப்பையா. பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். என் கணவருக்கென்று சொல்லப்பட்ட மெஷினுக்கு அடுத்த மெஷின் அவருடையது. ஒல்லியான மனிதர், கனத்த குரல். ஓர் ஆள் பார்த்த வேலையோடு இன்னொரு ஆள் வேலையையும் சேர்த்துக் கட்டியதை எதிர்த்துத் தொழிலாளிகள் ஒருமுறை வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைக்கு மானேஜர் டீமை மதுரைக்கு அனுப்பினார். வராதவனுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும் என்றார். வாசலில் உட்கார்ந்திருந்த தொழிலாளிகளைத் தாண்டி அந்த லாரி வெளியே போனது. லாரியில் என் கணவரும் இருந்தார். அன்றிலிருந்து கருப்பையா இவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

ஆரஞ்சுப் பழம் நின்ற பிறகு

முழங்கால் போன முதல் வாரம் மானேஜரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "சீக்கிரம் எழுந்திருப்பா, அடுத்த போட்டி இருக்கு" என்றார்.

மாவுக்கட்டுப் பிரித்தபோது கால் மடங்கவில்லை. வாழைத்தண்டு போல நீட்டியபடியே நின்றது. இனி ஓட முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்தச் செய்தி மில்லுக்குப் போன அன்றோடு ஆரஞ்சுப் பழம் நின்றது. பிறகு கேண்டீன் பால் நின்றது. கடைசியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன்.

"மெஷின் முன்னால எட்டு மணி நேரம் நிக்க முடியுமா?" என்றார் மானேஜர்.

"முடியாதுங்க சார்."

"அப்ப என்ன பண்றது? வேலை செய்ய முடியாதவனை மில் எப்படி வெச்சுக்கும்?"

நான் கேட்டேன்: "சார், இவர் உங்க மில்லுக்காக ஆடினப்பதானே கால் போச்சு?"

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. "டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. பந்து விளையாடறது அவரோட பொழுதுபோக்கு. மில்லுல அடிபட்டிருந்தா நாங்க பொறுப்பு. பொழுதுபோக்குல அடிபட்டா மில் என்ன செய்யும்?"

பத்து வருஷத்துக்கு மேல் வெயிலில் நிறுத்தி, கல்லிலும் முள்ளிலும் ஓடவிட்டு, ஜெயித்த கோப்பைகளையெல்லாம் தன் அறைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு, அந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த அலமாரியைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அங்கிருந்து நேரே கருப்பையாவிடம் போனேன். சங்க ஆபீஸ் என்பது ஒரு சைக்கிள் கடையின் மாடி. என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார்.

"ஒங்களப் பாத்தா சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஒங்க வீட்டுக்காரரு எங்க ஆளு இல்லீங்கம்மா."

"அவரும் அந்த மில்லுத் தொழிலாளிதானே?"

"தொழிலாளியா? நாங்க வாசல்ல கெடந்தப்ப அவரு எங்கிட்டுப் போனாருன்னு கேட்டுப் பாருங்க. மானேஜருக்காக ஆடுனாரு. மானேஜர்கிட்டயே கேக்கச் சொல்லுங்க."

மில்லுக்கு இவர் வெறும் தொழிலாளி. தொழிலாளிகளுக்கு இவர் வெறும் ஆட்டக்காரர். ஒரே ஆளை இரண்டு பக்கமும் இப்படித் தள்ளினால் அவர் எங்கே போய் நிற்பது? பங்குச் சாமியார் மட்டும் ஆறுதல் சொன்னார். துன்பத்தை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கச் சொன்னார். துன்பத்தை ஒப்புக்கொடுத்தேன் சாமி, வேலையை ஒப்புக்கொடுக்கிறதா இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த நாட்களில் எங்கள் வீடு தேடி வந்த ஒரே ஆட்டக்காரர் யார் தெரியுமா? பாலு இல்லை. அன்றைக்கு இவர் மேல் விழுந்த அந்த எதிர் டீம்காரர். காதர் என்று பெயர், சொந்த ஊர் மீமிசல். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பனையோலைக் கூடையில் கொடுவா மீனோடு பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்தார்.

"வேணும்னு விழலீங்க அக்கா. நிக்க முடியாமப் போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதா?" என்றார் என் கணவர். "நீங்க எடது பக்கம் திரும்பியிருந்தா கோலு."

இரண்டு பேரும் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் மீனை ஆய்ந்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கருப்பையா சொன்னது

வேலையில் அடிபட்டவருக்கு நியாயம் கேட்கத் திருச்சியில் ஓர் ஆபீசர் இருக்கிறார் என்று எங்கள் பள்ளித் தலைமையாசிரியை சொன்னார். மனு எழுதினேன். பல முறை அலைந்த பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கால் மடங்காதவரை பஸ்ஸில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. நடைபாதையில் காலை நீட்டி வைத்தால் வருகிறவனெல்லாம் இடித்துவிட்டு, "காலை மடக்கய்யா" என்பான்.

ஆபீசர் இளைஞர். மேஜைக்கு ஒரு பக்கம் நாங்கள். எதிரே மானேஜரும் அவருடைய வக்கீலும். மானேஜர் அன்று எங்களிடம் சொன்னதையே வக்கீலும் சொன்னார்: இவர் ரிங் பிரேம் தொழிலாளி, கால்பந்து பொழுதுபோக்கு, ஓய்வு நேரத்தில் விரும்பி ஆடினார்.

"அதே பகுதியில வேலை பார்க்கிற யாரையாவது விசாரிக்கணும்" என்றார் ஆபீசர்.

மானேஜர் தயாராகவே இருந்தார். "வெளியில ஒருத்தரைக் கூட்டிவந்திருக்கோம் சார். யூனியன் செக்ரட்டரி. எங்களுக்கு வேண்டியவர் இல்லை, அதனால நீங்க நம்பலாம்."

கருப்பையா உள்ளே வந்தார். இவர் மேல் கருப்பையாவுக்கு இருந்த வெறுப்பு மில் முழுக்கத் தெரியும். அது தெரிந்துதான் மானேஜர் அழைத்து வந்திருக்கிறார்.

"ஆரோக்கியசாமி உங்க பகுதியில என்ன வேலை பாத்தார்?" என்று ஆபீசர் கேட்டார்.

"வேலையா? அவரு எங்கங்க வேலை பாத்தாரு." கருப்பையாவின் குரல் அறையை நிறைத்தது. "உள்ளதச் சொல்லுறேன், யாரும் கோவிச்சுக்கப்படாது. இந்த ஆளு மில்லுக்கு வந்த நாள்லேருந்து அறுந்த இழை ஒண்ணக்கூட முடிஞ்சு நான் பாத்ததில்ல. சங்கு ஊதுனா நாங்க உள்ள போவோம், இவரு கிரவுண்டுக்குப் போவாரு. இவரு மெஷினையும் சேத்து நாங்கதான் ஓட்டுனோம். நாங்க தூசியத் தின்னோம், இவரு முட்டையத் தின்னாரு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நடக்க முடியாதவரைத் திருச்சி வரை அழைத்து வந்து, முகத்துக்கு நேரே இப்படிப் பேச வேண்டுமா? எழுந்திருக்கப் போனேன். என் கணவர் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவர் ஓய்வு நேரத்தில விருப்பப்பட்டு ஆடினதா மில் சொல்லுது" என்றார் ஆபீசர்.

"ஓய்வு நேரமா? எங்களுக்கு ஒண்ணுக்குப் போறதுக்கே மேஸ்திரிகிட்ட கேக்கணும். இவருக்கு மட்டும் நாள் பூரா ஓய்வு நேரம் ஆரு குடுத்தா? இந்தா ஒக்காந்திருக்காருல்ல மானேஜரு, இவருதான் குடுத்தாரு. ஸ்ட்ரைக் அன்னிக்கு லாரியில ஏத்தி அனுப்புனதும் இவருதான். ஏறலைன்னா சீட்டக் கிழிச்சிருவேன்னு வாசல்ல நின்னு சொன்னாரு. நாங்க அம்புட்டுப் பேரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம். இவுக மில்லு பேரு வெளங்குறதுக்கு இந்த ஆளு காலத்தான் வாடகைக்குப் பிடிச்சு வச்சிருந்தாக. வேலையாம் வேலை."

ஆபீசரின் பேனா நின்றது. அவர் மானேஜரை நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் தொண்டையைக் கனைத்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இழிவு செய்ய வந்த மனிதர், எங்களால் எத்தனை மனு எழுதினாலும் நிரூபிக்க முடியாததை ஒரே மூச்சில் நிரூபித்துவிட்டார். ஆடுவதுதான் இவருடைய வேலை. மில்தான் ஆட வைத்தது. அடிபட்டது வேலையில்தான்.

வெளியே வந்ததும் கருப்பையா எங்களைப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்தார். என் கணவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் போய்க் கூப்பிட்டார்.

"நான் ஒங்களுக்காகப் பேசலை" என்றார் கருப்பையா, திரும்பாமலே.

"தெரியும்ங்க. நீங்க சொன்னது அம்புட்டும் உண்மை. என் மெஷினையும் நீங்கதான் ஓட்டுனீங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன். காபி சாப்புட்டுப் போகலாம்."

கருப்பையா திரும்பினார். எங்களோடு காபி குடிக்க வந்தார்.

மில் வாசலில்

மில் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. இது வெளியே பரவினால் மற்ற ஆட்டக்காரர்களும் கேட்பார்களே என்று பயந்து, எங்கள் வாயை அடைக்க மில்லில் உட்கார்ந்து பார்க்கிற வேலையும் கொடுத்தார்கள். நூல் கண்டுகளைத் தரம் பிரிக்கும் வேலை. கொடுத்தார்கள் என்று எழுதுவதற்கே எனக்குக் கூசுகிறது. அது அவருடையது. அவர்கள் பிடுங்கியது, திரும்ப வந்தது. ஆனால் மில் ஆண்டு விழா மேடையில் அந்த இறுதி ஆட்டக் கோப்பையைப் பற்றி மானேஜர் பேசும்போதெல்லாம் பாலுவின் பெயர் வரும், தன் பெயர் வரும். இவர் பெயர் கடைசிவரை வரவில்லை. நானும் ஒவ்வொரு வருஷமும் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே அவர் சங்கத்தில் சேர்ந்தார். சில வருஷம் கழித்து, இருமல் வந்த தொழிலாளிகளை ஒவ்வொருவராக வெளியேற்றத் தொடங்கியபோது மறுபடி வேலைநிறுத்தம். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் மில் வாசலுக்கு எதிரே நின்று பார்த்தேன். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவர் மட்டும் காலை மடக்கித் தரையில் உட்கார முடியாமல் தடியை ஊன்றி ஓரமாக நின்றார்.

மானேஜரின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஆரோக்கியம், உனக்கு இங்க என்ன வேலை? நீ ஆட்டக்காரன்ப்பா. உள்ள போ."

"ஆட்டக்காரனுக்குக் காலு போயிருச்சுங்க சார்" என்றார் இவர். "இப்ப நிக்கிறவன் தொழிலாளி."

கார் உள்ளே போனது. கருப்பையா எழுந்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். அங்கிருந்து ஒரு பெஞ்சைத் தானே தூக்கிவந்து கூட்டத்துக்கு நடுவில் போட்டார். தான் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"இங்கிட்டு வந்து கால நீட்டி ஒக்காருங்க" என்றார். "சாயந்தரம் வரைக்கும் இருக்கணும்ல."